மாட்டேறு முதல் மின்சுட்டி வரை: வைகைப் பாடல்களை முன்வைத்து

பரிபாடல்கள் 70 என்பது இறையனார் களவியலுரை தரும் செய்தி. அவற்றுள் வைகைக்கு உரியவை 26 எனப் பழைய வெண்பா ஒன்று பகுத்துரைக்கிறது. இன்று நூலாகக் கிடைப்பவை 22 பாடல்களே. அவற்றுள் வைகையைப் பாடுவன 8. அந்த எட்டிலும் இறுதியில் நிற்கும் 22ஆம் பாடல் குறையுடையது. உ. வே. சாமிநாதையர் 1918இல் பரிமேலழகர் உரையோடு பரிபாடலைப் பதிப்பித்திராவிட்டால் இவ்வளவும் நம் கைக்கு வந்திருக்குமோ என்பது ஐயமே.

நூலின் பின்னே 'பரிபாடல் திரட்டு' என்ற பெயரில் சில பாடல்களும் பாடற்பகுதிகளும் அச்சிடப்பெறுவதை வாசகர்கள் கண்டிருக்கலாம். இவை பரிபாடல் ஏடுகளிலிருந்து கிடைத்தவை அல்ல. தொல்காப்பிய உரைகளில் மேற்கோளாகக் காட்டப்பட்டும், புறத்திரட்டில் தொகுக்கப்பட்டும் தப்பிப் பிழைத்தவை. மூல ஏடு அழிந்த பின்னும், அதைச் சுட்டிய இன்னொரு நூல் அதன் ஒரு துண்டைக் காப்பாற்றிக் கொடுத்தது. ஒரு நூல் மற்றொரு நூலைச் சுட்டுவது படிப்பவனின் வசதிக்காக மட்டும் அன்று. நூலின் ஆயுளுக்கும் அது துணை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அந்தச் சுட்டுதல் மரபின் இன்றைய வடிவம் ஒன்றைப் பற்றியதே இக்கட்டுரை. பிடிஎஃப் கோப்புகளாகப் பெருகிக் கிடக்கும் தமிழ் நூல்களுக்குள், சொடுக்கினால் உரிய இடத்துக்கு இட்டுச்செல்லும் சுட்டிகளை, விலையில்லாத கருவிகளைக் கொண்டே அமைக்கும் கலை அது. கணினியாளர்களின் வேலை என்று நம்மில் பலர் இதை ஒதுக்கி வைத்திருக்கிறோம். இது பதிப்பாசிரியரின் வேலை என்பதும், தமிழுக்கு ஆங்கிலத்தைக் காட்டிலும் இன்றியமையாதது என்பதும் நம் துணிபு.

மாட்டு என்னும் உறுப்பு

தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் செய்யுள் உறுப்புகள் 34. அவற்றுள் ஒன்று 'மாட்டு'. பொருள் தொடர்புடைய சொற்கள் ஒரு பாட்டில் அடுத்தடுத்து நிற்கலாம். பல அடிகள் தள்ளியும் கிடக்கலாம். எவ்வாறு கிடப்பினும் அவற்றை ஒன்றோடொன்று கொளுத்திப் பொருள் முடிப்பதே மாட்டு. நன்னூலார் தொகுத்த 32 உத்திகளுள் 'மாட்டெறிந்தொழுகல்' என்பதும் ஒன்று. ஓரிடத்தில் கூறிய விதியை மற்றோரிடத்துக்கும் பொருந்துமாறு சுட்டி நடப்பது அது. உரையாசிரியர்கள் இதனை மாட்டேறு என்று வழங்குவர். கதவில் கொண்டியை மாட்டுகிறோமே, அதே சொல்தான்.

இதன் எல்லையையும் நம் முன்னோர் அறிந்தே இருந்தனர். நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டுக்கு உரை காணுங்கால், நெடுந்தொலைவில் கிடக்கும் சொற்களைப் பெயர்த்தெடுத்து மாட்டிப் பொருளுரைத்தார். மறைமலையடிகள் 1903இல் வெளியிட்ட முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் அம்முறையை வன்மையாக மறுத்தார். ஓரிடத்தை மற்றோரிடத்தோடு இணைப்பது நடுநிலையான செயல் அன்று; அது ஒரு விளக்கம், ஒரு கருத்து என்னும் உண்மை அந்த வழக்கில் அடங்கியிருக்கிறது. மின்சுட்டி அமைக்கப் புகுவோர் முதலில் நினைவிற்கொள்ள வேண்டியது இது.

அந்தாதியும் இவ்வகையிற் சேர்ந்ததே. ஒரு பாட்டின் ஈறு அடுத்த பாட்டின் முதலாக வருவதால், கயிறு அறுந்து ஏடுகள் குலைந்தாலும் வரிசையை மீட்டுக்கொள்ளலாம். பக்க எண்ணே இல்லாமல் பக்கங்களைக் கோக்கும் ஏற்பாடு அது.

அச்சுக் காலத்து அடைவுகள்

ஏட்டுச்சுவடியில் இன்ன பக்கம் என்று சுட்டுவதால் பெரும்பயன் இல்லை. படிக்குப் படி ஏட்டின் அளவும் எழுத்தின் அளவும் மாறும். அச்சு வந்த பின்னரே ஒரு நூலின் எல்லாப் படிகளிலும் ஒரே பக்கம் ஒரே செய்தியைத் தாங்கி நின்றது. சாமிநாதையர் இந்த வாய்ப்பை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டவர். சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முயற்சியில் நச்சினார்க்கினியர் காட்டிய மேற்கோள்கள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று அறியாது அவர் இடர்ப்பட்டதையும், எட்டுத்தொகை, பத்துப்பாட்டு ஏடுகளைப் படிக்கையில் அவற்றின் இருப்பிடத்தைக் கண்டு மகிழ்ந்ததையும் 'என் சரித்திரம்' விரிவாகச் சொல்கிறது. 1887இல் சிந்தாமணி வெளிவந்தது. அதன் பின் வந்த அவருடைய பதிப்புகளில் அரும்பத அகராதியும், பாட்டு முதற்குறிப்பகராதியும், அடிக்குறிப்பில் ஒப்புமைப் பகுதிகளும் தமிழ்ப் பதிப்பின் இலக்கணமாகவே நிலைபெற்றன.

மேலை நாட்டிலும் கதை ஏறக்குறைய இதுவே. 13ஆம் நூற்றாண்டில், அதாவது நன்னூல் தோன்றிய அதே நூற்றாண்டில், பாரிசு நகரத்தில் ஹியூ என்னும் தொமினிக்கத் துறவியின் தலைமையில் விவிலியத்துக்குச் சொல்லடைவு ஆக்கப்பட்டது. 1940களின் இறுதியில் ரொபெர்த்தோ பூசா என்னும் இத்தாலிய இயேசுசபைத் துறவி, தாமசு அக்குவினாவின் எழுத்துகள் முழுமைக்கும் ஐபிஎம் நிறுவனத்தின் எந்திரங்களைக் கொண்டு அடைவு உருவாக்கும் பணியைத் தொடங்கினார். தமிழில் வ. அய். சுப்பிரமணியம் 1962இல் புறநானூற்றுக்குச் சொல்லடைவு வெளியிட்டார். தாமஸ் லேமன், தாமஸ் மால்ட்டன் ஆகிய செருமானிய அறிஞர் இருவர் 1992இல் சங்க இலக்கியம் முழுமைக்கும் சொல்லடைவு தந்தனர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் கணிதம் கற்பித்த பேராசிரியர் ப. பாண்டியராஜா, தம் ஓய்வுக் காலத்தில் தமிழ் இலக்கியங்களுக்கான தொடரடைவுகளை இணையத்தில் ஏற்றியிருப்பது இந்த வரிசையில் வைத்து எண்ணத்தக்கது.

அச்சடைவில் ஒரு குறை உண்டு. அது வழியைச் சொல்லும், அழைத்துச் செல்லாது. பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு நாமே புரட்ட வேண்டும். வன்னெவர் புஷ் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1945இல் எழுதிய கட்டுரையில், படிப்பவன் ஓர் ஆவணத்திலிருந்து இன்னோர் ஆவணத்துக்குத் தடம் பதித்துச் செல்லும் எந்திரம் ஒன்றைக் கற்பனை செய்தார். டெட் நெல்சன் 1965இல் அதற்கு 'ஹைப்பர்டெக்ஸ்ட்' என்று பெயரிட்டார். 1989இல் செனிவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முன்வைத்த திட்டமே வையவிரிவு வலையாகப் பரந்தது. சொடுக்கினால் உரிய இடம் கண்முன் வந்து நிற்பதைத் தமிழ் இணையம் சுட்டி, தொடுப்பு, இணைப்பு, மீயிணைப்பு எனப் பல பெயரிட்டு அழைத்துவருகிறது. சுட்டெழுத்தும் சுட்டுப்பெயரும் பயின்ற நமக்குச் 'சுட்டி' என்பதே இயல்பாக வாய்க்கிறது.

பிடிஎஃப் வந்த வழி

அடோபி நிறுவனத்தை நிறுவியோருள் ஒருவரான ஜான் வார்னாக், 1991இல் 'கேமலாட்' என்னும் பெயரில் சிறு திட்டக்குறிப்பு ஒன்றை எழுதினார். எந்தக் கணினியில் திறந்தாலும் எந்த அச்சுப்பொறியில் அடித்தாலும் பக்கம் மாறாமல் இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். 1993இல் அது பிடிஎஃப் ஆக வெளிவந்தது. தொடக்கத்தில் கோப்பைப் படிப்பதற்கான மென்பொருளையே விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது; பின்னரே அது இலவசமாயிற்று. கோப்புக்குள் ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்துக்குத் தாவும் சுட்டியும், ஓரத்தில் விரியும் தலைப்புப் பட்டியலும் முதல் வடிவத்திலேயே இருந்தன. இணைய முகவரியைச் சுட்டும் வசதி அடுத்த வடிவத்தில் வந்தது. 2008இல் பிடிஎஃப் பன்னாட்டுத் தரநிலையாகி, ஒரு நிறுவனத்தின் தனியுடைமை என்னும் நிலை நீங்கியது.

தமிழர்கள் பிடிஎஃப் வடிவத்தை ஆவலோடு ஏற்றுக்கொண்டமைக்குத் தனிக்காரணம் உண்டு. ஒருங்குறி பரவுவதற்கு முன் ஒவ்வொரு தளமும் ஒவ்வோர் எழுத்துருவைப் பயன்படுத்தியது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டில் டாம், டாப் என்னும் குறியேற்றங்கள் முன்மொழியப்பட்டன; உலகத் தமிழர் சிலர் கூடி வகுத்த திஸ்கி இன்னொரு பக்கம் வழங்கியது. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் வெறும் கிறுக்கலாகத் தெரியும். பிடிஎஃப் கோப்போ எழுத்துருவைத் தன்னுள்ளேயே சுமந்து வந்தது.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் அறிஞராயிருந்த கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் நூல்களை வலைப்பக்கங்களாகவும் பிடிஎஃப் கோப்புகளாகவும் வழங்கியது. உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் தந்த உழைப்பு அது. 2005இல் ஈழத்தமிழ் நூல்களுக்காக நூலகம் திட்டம் எழுந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்ட நினைவு அதன் பின்னணியில் உண்டு. 2001இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக, ஆயிரக்கணக்கான பழம்நூல்களை அலகிட்டு வைத்திருக்கிறது. கிடைக்கவில்லையே என்று ஏங்கிய காலம் பெரும்பாலும் கழிந்தது. கிடைத்ததற்குள் தேடியது கிடைக்கவில்லையே என்னும் புதிய ஏக்கம் வந்திருக்கிறது.

தமிழ்க் கோப்பின் தனித்துன்பம்

இந்த ஏக்கம் தமிழுக்கு ஏன் மிகுதி? வைகை பற்றிய நூல்களையே எடுத்துக்கொள்வோம். பெரியாறு அணைத் திட்டத்தின் வரலாற்றை ஏ. டி. மெக்கன்சி 1899இல் ஆங்கிலத்தில் எழுதினார். டபிள்யூ. பிரான்சிசு தொகுத்த மதுரை மாவட்ட விவரச்சுவடி 1906இல் வெளிவந்தது. இத்தகைய ஆங்கில நூல்களின் அலகிட்ட கோப்புகளில், எழுத்துணரி பிழை சில செய்தாலும், ஊர்ப்பெயரைத் தட்டினால் பெரும்பாலும் பக்கம் வந்துவிடும். 1918இன் பரிபாடல் பதிப்பை அலகிட்டால் கிடைப்பது வெறும் படம். அதில் 'வையை' என்று தேடினால் ஒன்றும் வராது.

அலகிடாமல் தட்டச்சு செய்த கோப்புகளிலும் இடர்ப்பாடு உண்டு. பிடிஎஃப் பக்கத்தில் எழுத்துகள் ஒலிமுறைப்படி இருப்பதில்லை. வரையும் வடிவங்களாக இருக்கின்றன. 'கொடை' என்பதன் முதலெழுத்து, ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று வடிவங்களாகப் பிரிந்து கிடக்கும். இவற்றை மீண்டும் ஒருங்குறி எழுத்தாகக் கூட்டும் அட்டவணை கோப்பில் செம்மையாக அமையாவிட்டால், கண்ணுக்குத் தெரியும் சொல் தேடலுக்குத் தெரியாது. பழைய எழுத்துருக்களில் ஆக்கிய கோப்புகளிலோ தமிழ் வடிவங்கள் உரோமன் எழுத்துகளின் இருக்கைகளில் அமர்ந்திருக்கும். படியெடுத்தால் உரோமன் குப்பையே மிஞ்சும்.

இப்போது எழுத்துணரிகள் வெகுவாக முன்னேறியுள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய ணகர, றகர, னகர ஆகார வடிவங்களும், துதிக்கைபோல் வளைந்த ஐகாரங்களும், பாட்டும் உரையும் அடிக்குறிப்பும் பல்வேறு அளவில் நெருங்கிய பக்கங்களும் அவற்றைத் தடுமாறச் செய்கின்றன.

இங்கேதான் சுட்டியின் அருமை விளங்குகிறது. பிடிஎஃப் சுட்டி எழுத்தின்மேல் ஒட்டுவதன்று. பக்கத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாமல் வரைந்த ஒரு கட்டம் அது. பக்கத்தின் இடது கீழ்மூலையிலிருந்து அங்குலத்தின் 72இல் ஒரு பங்கு அளவில் எண்ணி அதன் நான்கு எல்லைகளும் குறிக்கப்படுகின்றன. அக்கட்டத்துக்குள் சொடுக்கினால் எந்தப் பக்கத்தின் எந்த உயரத்துக்குச் செல்ல வேண்டும் என்பது அதனோடு எழுதப்பட்டிருக்கும். அடியில் இருப்பது ஒருங்குறியா, திஸ்கியா, வெறும் படமா என்பது சுட்டிக்குப் பொருட்டன்று. தேடல் தோற்கும் இடத்திலும் சுட்டி வேலை செய்யும். ஆங்கிலக் கோப்புக்கு அது கூடுதல் வசதி. தமிழ்க் கோப்புக்குப் பலவேளைகளில் அதுவே ஒரே வழி.

விலையில்லாக் கருவிகள்

கருவிகளுக்குப் பணம் தேவையில்லை. நூலை நாமே தட்டச்சு செய்திருந்தால் லிப்ரே ஆபிஸ் போதும். இதன் முன்னோடியான ஓப்பன் ஆபிஸ், 2003இன் பதிப்பில் பிடிஎஃப் ஆக்கும் வசதியைப் பெற்றது. 2005இன் பதிப்பில் சுட்டிகளும் தலைப்புப் பட்டியலும் பிடிஎஃப் கோப்புக்குள் செல்லலாயின. 2010இல் அதிலிருந்து கிளைத்ததே லிப்ரே ஆபிஸ்.

முறை எளிது. பாடல் தலைப்புகளைத் தடித்த எழுத்தாக்கி விட்டுவிடாமல், அவற்றுக்குத் 'தலைப்பு' என்னும் பாணியை இட வேண்டும். அதைக் கொண்டு பொருளடக்கம் தானே உருவாகும். ஒவ்வொரு வரியும் சுட்டியாகவே அமையும். உரையின் தொடக்கத்தில் ஓர் அடையாளக்குறி நட்டு, பாட்டிலிருந்து அக்குறிக்குச் சுட்டி கொடுக்கலாம். உரையின் முடிவில் பாட்டுக்கு மீளும் சுட்டியையும் மறவாமல் வைக்க வேண்டும். போனவர் திரும்பி வர வழி வேண்டுமல்லவா? முடிவில், அச்சிடும் கட்டளை வழியாகப் பிடிஎஃப் ஆக்கக் கூடாது. அவ்வழியில் பக்கத்தின் தோற்றம் வரும், சுட்டிகள் உதிர்ந்துவிடும். பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்யும் கட்டளையே உரியது. அதிலுள்ள தெரிவுகளில் தலைப்புப் பட்டியலையும் சேர்க்குமாறு குறியிட வேண்டும்.

நூல் முன்பே அலகிடப்பட்டதாயின் வேறு வழி. ஸ்கிரைபஸ் என்னும் கட்டற்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் அலகிட்ட பக்கங்களைப் படமாக வைத்து, அவற்றின்மேல் சுட்டிக் கட்டங்களைக் கையால் வரையலாம். ஓரத்துத் தலைப்புப் பட்டியல் மட்டும் போதுமெனில் ஜேபிடிஎஃப் புக்மார்க்ஸ் என்னும் சிறு கருவி உண்டு. கட்டளை எழுத அஞ்சாதவர்க்கு, பீட்டர் டாய்ச் 1988இல் வெளியிட்ட கோஸ்ட்ஸ்கிரிப்ட் இன்றும் உதவும். எந்தப் பக்கத்தில் எந்தக் கட்டம், அது எங்கே செல்லும் என்று ஒரு சிறு உரைக்கோப்பில் எழுதிக் கொடுத்தால் நூற்றுக்கணக்கான சுட்டிகளை ஒரே மூச்சில் பதித்துத் தரும். டெக் மரபினர்க்கு செபாஸ்டியன் ராட்ஸ் எழுதிய ஹைப்பர்ரெஃப் தொகுப்பும், ஒருங்குறித் தமிழை நேராகக் கையாளும்படி ஜானதன் கியூ 2004இல் வெளியிட்ட சீடெக் பொறியும் உண்டு.

எச்சரிக்கை ஒன்று. தமிழ்ப் பிடிஎஃப் கோப்பை லிப்ரே ஆபிஸின் வரைபடச் செயலியில் நேராகத் திறந்து திருத்த முயன்றால் எழுத்துகள் குலைவது பெரும்பாலும் உறுதி. மூலக்கோப்பை அப்படியே வைத்து, படியில் மட்டும் கை வைப்பது நல்லது.

கோப்பு ஏதும் ஆக்காமலே செய்யத்தக்க ஒன்றும் உண்டு. இணையத்தில் உள்ள ஒரு பிடிஎஃப் கோப்பின் முகவரிக்கு இறுதியில், அணில் வரிபோன்ற கட்டக்குறியும், ஆங்கிலத்தில் 'பேஜ்' என்ற சொல்லும், சமக்குறியும், பக்க எண்ணும் சேர்த்தால், இன்றைய உலாவிகள் பெரும்பாலும் அப்பக்கத்திலேயே கோப்பைத் திறக்கும். ஆனால் இது நூலில் அச்சிட்ட எண் அன்று, கோப்பின் பக்க எண். முகவுரை 24 பக்கமாயின் நூலின் 10ஆம் பக்கம் கோப்பின் 34ஆம் பக்கமாகும். தவறான இடத்துக்குச் செல்லும் சுட்டிகளில் பல இந்தக் கணக்கில் வழுவியவையே.

வைகைத் தொகுப்பு: ஒரு மாதிரி

எட்டு வைகைப் பாடல்களைக் கொண்ட ஒரு கோப்பைக் கருதிப் பார்ப்போம். பரிபாடலுக்கு வேறெந்தச் சங்கத் தொகைக்கும் இல்லாத சிறப்பு ஒன்று உண்டு. பாடியவர் பெயரோடு இசை வகுத்தவர் பெயரும் பண்ணும் பாட்டின் கீழே குறிக்கப்பட்டிருக்கும். வைகைப் பாடல்களுள் 6, 7, 10, 11, 12 ஆகியவை பாலையாழ், 16 நோதிறம், 20 காந்தாரம், சிதைந்த 22ஆம் பாடலுக்கு இக்குறிப்பு இல்லை. அச்சு நூலில் இது பாட்டுக்குப் பாட்டு தனித்தனியே சிதறிய செய்தி. பண்களின் பெயர்களை ஒரு பக்கத்தில் வைத்துப் பாடல்களுக்குச் சுட்டி கொடுத்துவிட்டால், தொகுத்தவர் பாடல்களைப் பண்ணடைவில் கோத்திருப்பது மாணவனுக்குச் சொல்லாமலே விளங்கும்.

11ஆம் பாடலின் தொடக்கத்தில் கோள்நிலை ஒன்று கூறப்படுகிறது. எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை அதனைக் கணித்துக் கி.பி. 634 எனக் காலம் கூறினார். அதை ஏலாதவர்களும் உளர். இங்கே ஒரு பக்கத்தாரின் கட்டுரைக்கு மட்டும் சுட்டி கொடுத்தால் அது நச்சினார்க்கினியர் மாட்டாக முடியும். இரு தரப்புக்கும் கொடுக்க வேண்டும், அல்லது கொடுக்காதிருக்க வேண்டும்.

அடுத்து, ஆற்றின் பிற்கால வாழ்வு. பரிபாடல் காட்டும் வைகை, கரை உடைத்து வரும் புதுப்புனலின் வைகை. 1895இல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இப்பக்கம் திருப்பப்பட்டது. 1959இல் ஆண்டிபட்டிக்கு அருகே 111 அடி உயர அணை திறக்கப்பட்டது. இன்று நம் மாணவர் அறிந்த வைகை, 71 அடியில் இத்தனை அடி என்று நாளிதழில் வரும் வைகை. பாட்டில் வரும் வெள்ளத்திலிருந்து மெக்கன்சியின் நூலுக்கும், அதிலிருந்து அணையின் வரலாற்றுக்கும் சுட்டி அமையுமானால், இலக்கியமும் பாசனமும் ஒரே ஆற்றைப் பற்றியவை என்பது புலனாகும்.

அணைக்குக் கீழே ஆற்றங்கரையில் உள்ள புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கா. இராசன் குழுவினர் தமிழ்-பிராமி எழுத்துடைய நடுகற்களைக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்று கூடலூர் ஆகோள் பற்றிப் பேசுகிறது. ஆகோள் என்பது தொல்காப்பியப் புறத்திணையியல் வெட்சித்திணையில் ஆளும் சொல். இலக்கணத்தில் மட்டுமே படித்த ஒரு துறைப்பெயர், நம் ஊர்க் கல்லில் வெட்டப்பட்டுக் கிடக்கிறது. இலக்கண நூலின் கோப்பிலிருந்து கல்வெட்டறிக்கையின் கோப்புக்கு ஒரு சுட்டி இருந்தால், அந்த வியப்பு ஒவ்வொரு மாணவனுக்கும் கிட்டும். இல்லையெனில் அது ஆய்வாளர் சிலரின் நினைவில் மட்டும் தங்கும்.

அறுந்த சுட்டிகள்

சுட்டி அறுவதும் உண்டு. 2009இல் யாகூ நிறுவனம் ஜியோசிட்டீஸ் தளத்தை மூடியபோது எத்தனையோ தமிழ்ப் பக்கங்கள் மறைந்தன. 2020இல் யாகூ குழுமங்கள் மூடப்பட்டபோது தமிழ் இலக்கிய உரையாடல்கள் பல இருந்த இடம் தெரியாமற் போயின. அவற்றைச் சுட்டி எழுதிய கட்டுரைகளில் இன்று நீலக்கோடு மட்டும் இருக்கிறது, வாசல் இல்லை. கோப்புக்குள்ளேயே செல்லும் சுட்டிக்கு இந்த அச்சம் இல்லை. கோப்பு உள்ளவரை அதுவும் இருக்கும்.

ஆதலின் சில நெறிகளை வகுத்துக்கொள்ளலாம். இன்றியமையாதவற்றை ஒரே கோப்புக்குள் வைத்து உள்சுட்டியால் இணைக்க வேண்டும். கைப்பேசியில் படிக்கும் மாணவர்க்கும் அதுவே ஏற்றது. வெளியே செல்லும் சுட்டியை வெறும் நீலச்சொல்லாக விடாமல், நூற்பெயர், ஆசிரியர், பதிப்பாண்டு, பக்கம் ஆகியவற்றைக் கண்ணால் படிக்கும்படியும் எழுத வேண்டும். சுட்டி அறுந்தாலும் குறிப்பு நிற்கும். குறிப்பைக் கொண்டு நூலைத் தேடிக்கொள்ளலாம். பரிபாடல் திரட்டு நமக்குக் கிடைத்த வகையும் அதுவே. உரையாசிரியர்கள் 'இன்ன நூலின் இன்ன பாட்டைக் காண்க' என்று சொல்லி நிறுத்தியிருந்தால் நமக்கு எஞ்சியிருப்பது பெயர் மட்டுமே. பாட்டையே எடுத்தெழுதினார்கள், அது பிழைத்தது. சுட்டுவதோடு சுட்டப்படுவதன் தேவையான பகுதியையும் தந்து வைப்பதே பாதுகாப்பு.

சிற்றிதழ் வாசகர்களுக்கு ஒன்று கூறி முடிக்கலாம். வைகை அணை திறந்த அதே 1959 சனவரியில்தான், இதே பள்ளத்தாக்கின் சின்னமனூரில் பிறந்த சி. சு. செல்லப்பா சென்னையில் 'எழுத்து' இதழைத் தொடங்கினார். 119 இதழ்கள் வந்தன. புதுக்கவிதை பற்றிய வாதம் ஓர் இதழில் எழுந்து, பின்னோர் இதழில் மறுக்கப்பட்டு, அதற்கும் பின் விளக்கம் பெற்றது. அலகிட்ட இதழ்களைத் தனித்தனியே திறந்து படிப்பவனுக்கு அந்த வாதம் துண்டுதுண்டாகவே தெரியும். கேள்விக்கும் மறுமொழிக்கும் இடையே ஒரு கட்டம் வரைந்து சுட்டி கொடுக்க எந்த எந்திரமும் தானே முன்வராது. எது எதற்கு மறுமொழி என்பது படித்தவர்க்கே தெரியும். அவ்வாறு படித்தவர்களின் தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. ஓர் இதழுக்கு ஒரு மாலைப்பொழுது போதும்; கருவிக்குக் காசில்லை. எல்லாரும் எடுத்தாளும் உரிமை உள்ள நூல் ஒன்றையோ, உரியவரின் இசைவு பெற்ற இதழ் ஒன்றையோ தேர்ந்து, பொருளடக்கத்திலிருந்து கட்டுரைகளுக்கும், கட்டுரையிலிருந்து அதன் எதிருரைக்கும் சுட்டி இட்டு, மூலம் கிடைத்த இடத்துக்கே திருப்பி அனுப்புங்கள். நம் காலத்து மாட்டேறு அதுவாகட்டும்.